1,84,46,74,40,73,70,95,51,615 என்னும் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன எண்? இதற்கென்று தனியாக ஒரு பக்கம் எதற்கு?

64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1. மொத்தம் 20 இலக்கங்கள். சதுரங்கப் பலகையில் தானிய மணிகளை இரட்டித்துக்கொண்டே போகும் பழங்கதையில் மணிகளின் மொத்தத் தொகையாக இதைப் பலர் முதன்முதலில் சந்தித்திருப்பார்கள்; கணினித் துறையில் இருப்பவர்களுக்கு, 64 பிட்டுகளில் (0 அல்லது 1 மட்டுமே வரும் இரும இலக்கங்களில்) எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணாக இது பழக்கப்பட்டது. இரு தரப்பினரும் பெரும்பாலும் அதன் அளவைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இருபது இலக்கங்களை வரிசையாக எழுதினால் யார் வேண்டுமானாலும் ஒரு பெரிய எண்ணை உண்டாக்கிவிடலாம். ஆனால் அப்படி எழுதிய எண்ணின் காரணிகளைக் காகிதமும் பேனாவும் கொண்டு கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இந்த எண்ணிலோ காரணிகள், வகுத்திகள், வர்க்கங்களின் கூட்டல் என்று கேட்கத் தோன்றும் அனைத்துக்கும் கையாலேயே விடை காண முடியும். அதற்குக் காரணம் அளவன்று, அமைப்பு. அந்த அமைப்பை எடுத்துச் சொல்வதற்காகவே இந்தப் பக்கம்.

இதை எப்படி வாசிப்பது?

வலப்புறத்திலிருந்து ஏழு ஏழு இலக்கங்களாகப் பிரித்துக்கொண்டால் 184467, 4407370, 9551615 என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். ஆகவே, ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. பரிபாடலில் வரும் ஆம்பல், குவளை, வெள்ளம் போன்ற பேரெண் பெயர்களைப் பயன்படுத்தலாமே என்று சிலர் ஆசைப்படுவதுண்டு. அப்பெயர்களுக்கு உரையாளர்களும் பிற்கால எண்சுவடிகளும் ஒரே மதிப்பைத் தரவில்லை என்பதால், குழப்பமில்லாத கோடி கோடியே மேல்.

சதுரங்கப் பலகைக் கணக்கில் ஒன்று குறைவது ஏன்?

முதல் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64-ஆம் கட்டத்தில் 2⁶³ மணிகள் இருக்கும். மொத்தத்தைக் காண நீண்ட கூட்டல் தேவையில்லை. பலகைக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு மணியைக் கடனாகக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் வையுங்கள். அங்கே இப்போது இரண்டு மணிகள். அவற்றை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் அங்கே நான்கு. அவற்றை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளினால் எட்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் எல்லா மணிகளும் 64-ஆம் கட்டத்தில் 2⁶⁴ ஆகக் குவிந்துவிடும். கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதி 2⁶⁴ − 1. பெருக்குத் தொடரின் சூத்திரத்தைப் பாடமாகப் படித்தவர்களும் ஒரு முறையேனும் இந்த வழியில் மணிகளைத் தள்ளிப் பார்க்க வேண்டும். சூத்திரத்தில் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது?

பொ.ஆ. 1000-ஐ ஒட்டி எழுதிய அறிஞர் அல்-பிரூனி, பலகையின் 64 கட்டங்களுக்கும் உரிய இந்தத் தொகையைச் சரியாகக் கணக்கிட்டுத் தந்திருக்கிறார். பரிசு கேட்ட அறிஞனையும் கொடுக்க முடியாமல் திகைத்த அரசனையும் பற்றிய கதை, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் இப்னு கல்லிகானின் எழுத்தில் இடம்பெறுகிறது. கேரளத்து அம்பலப்புழையில் இதே கதையில் பரிசு கேட்பவன் கண்ணன். கொடுத்துத் தீராத கடனுக்கு ஈடாகவே அந்தக் கோயிலில் பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பது அவ்வூர் வழக்கு.

அவ்வளவு அரிசி உலகில் உண்டா?

ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்த எடை ஏறத்தாழ 46,000 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னை ஒட்டியது. தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல் வேண்டும்.

பிரமன் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறதே?

பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூகாஸ் 1883-இல் வெளியிட்ட புதிர் அது. மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாக 64 தட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டுமே நகர்த்தலாம், சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. கடைசித் தட்டை நகர்த்துவதற்கு முன் மேலே உள்ள அனைத்தையும் ஒரு முறையும், நகர்த்திய பின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தட்டு கூடும்போதும் வேலை இரட்டித்து, மேலும் ஒன்று சேரும். ஆகவே 64 தட்டுகளுக்கு நகர்த்தல்கள் 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்று இடைவிடாமல் செய்தாலும் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான்.

கையால் இதைக் கணக்கிட முடியுமா?

முடியும். 64 முறை இரட்டிக்கவும் தேவையில்லை. ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும். 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296, அதன் வர்க்கம் 2⁶⁴. கடைசிப் பெருக்கல் மட்டுமே சற்று நீளமானது. 64 என்பதும் இரண்டின் அடுக்காக இருப்பதால் இந்த வழி திறக்கிறது. கீழே சொல்லப்போகும் காரணிகளும் இதே வழியாகத்தான் வருகின்றன.

இது பகா எண்ணா?

இல்லை. ஐந்தில் முடிவதாலேயே அது தெரிகிறது. அதற்கு மேல் இதை முழுமையாகவே உடைத்துவிடலாம் என்பதுதான் சுவையான செய்தி. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் அது இரு காரணிகளாகப் பிரியும் என்பது பள்ளிப் பாடம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம்; ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). இதில் இரண்டாவது காரணி மறுபடியும் அதே வடிவில் இருக்கிறது. அதையும் அவ்வாறே பிரிக்கலாம். 64, 32, 16, 8, 4, 2, 1 என்று அடுக்கு தடையில்லாமல் பாதியாகிக்கொண்டே போவதால், இறுதியில் கிடைப்பது:

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2¹⁶ + 1) × (2⁸ + 1) × (2⁴ + 1) × (2² + 1) × (2 + 1)

அதாவது 4,29,49,67,297 × 65,537 × 257 × 17 × 5 × 3. இந்த ஆறும் பெர்மா எண்கள் எனப்படுபவை. கடைசி ஐந்தும் பகா எண்கள். முதலாவது மட்டும் அப்படியன்று; அது 641 × 67,00,417. எனவே முழுமையாக உடைத்தால் கிடைக்கும் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. இவற்றில் எதுவும் இரண்டு முறை வருவதில்லை.

641 எப்படிக் கிடைத்தது?

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பியர் டி பெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் கருதினார். 1732-இல் லெயோனார்ட் ஆய்லர், அடுத்த எண்ணான 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது என்று காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்துக் கிடைத்த விடையன்று இது. அந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்லர் நிறுவிய செய்தி. அத்தகைய பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

வகுத்துப் பார்க்காமலே இதைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. எண் கணிதத்தில் நான் அறிந்த சிறிய நிறுவல்களில் இதைவிட அழகானது இல்லை என்றே சொல்வேன். 641-ஐ இரு விதமாக எழுதலாம். ஒன்று 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. மற்றொன்று 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவம் சொல்வது: 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாவது வடிவம் சொல்வது: மீதியைப் பொறுத்த வரையில் 5⁴-உம் −2⁴-உம் ஒன்றே. முன்னதில் 5⁴ இருந்த இடத்தில் −2⁴-ஐ வைத்தால் −2³² தரும் மீதி 1. ஆகவே 2³² + 1 தரும் மீதி சுழியம். நான்கு வரிகளில் பெர்மாவின் கருத்து விழுந்துவிடுகிறது.

6700417 பகா எண் என்று எப்படி உறுதி செய்வது?

அதன் வர்க்கமூலம் 2589-க்குச் சற்றுக் குறைவு. எனவே அந்த அளவு வரை உள்ள பகா எண்களால் மட்டும் சோதித்தால் போதும். 6700417-இன் எந்தக் காரணியும் 2³² + 1-இன் காரணியே என்பதால் ஆய்லரின் நிபந்தனை இங்கும் பொருந்தும். அதை லூகாஸ் 1878-இல் மேலும் இறுக்கினார்: காரணி 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 2589-க்குள் அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து மட்டுமே. இவற்றால் 6700417-ஐ வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 மீதியாகின்றன, எதுவும் சுழியமில்லை. அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிய ஓர் எண்ணை ஐந்தே வகுத்தல்களில் பகா எண் என்று நிறுவிவிடலாம் என்பதை வாசகர்கள் தாங்களே செய்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது.

7, 11, 13 போன்ற சிறிய எண்கள் இதை வகுக்காதது ஏன்?

இரண்டின் அடுக்குகளை 7-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்றுக்கு ஒரு முறை சுழலும். சுழற்சியின் நீளம் 64-ஐ மீதியின்றி வகுத்தால்தான் 2⁶⁴ தரும் மீதி 1 ஆகும். அப்போதுதான் 2⁶⁴ − 1 வகுபடும். மூன்று 64-ஐ வகுப்பதில்லை. 11-க்குச் சுழற்சி 10, 13-க்கு 12, அவையும் பொருந்தவில்லை. பொருந்துகிற ஏழு பகா எண்களைப் பார்த்தால், 3-க்குச் சுழற்சி 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32, கடைசியாக 641, 6700417 இரண்டுக்கும் 64. பாதியாகிக்கொண்டே வந்த அதே படிக்கட்டு இங்கே மறுபக்கத்திலிருந்து தெரிகிறது.

வகுத்திகள் எத்தனை? இது நிறைவெண்ணா?

ஏழு வேறுபட்ட பகாக் காரணிகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகள் 2⁷ = 128. அவற்றின் கூட்டுத்தொகை எண்ணைப் போல் ஏறத்தாழ 1.7034 மடங்கு. நிறைவெண்ணாக இருக்க இரண்டு மடங்கு வேண்டும். ஆகவே இது குறைவெண்.

இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் முடியாது. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. நமது எண்ணோ 8-இன் மடங்கைவிட ஒன்று குறைவு, அதாவது மீதி 7. எனவே நான்கு வர்க்கங்கள் கட்டாயம் தேவை. எந்த இயல் எண்ணுக்கும் நான்கு போதும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவியிருக்கிறார்.

அந்த நான்கையும் உண்மையிலேயே கட்டி எழுப்பலாம் என்பதே இதில் எனக்குப் பிடித்த பகுதி. 3-ஐ விட்டுவிட்டுப் பாருங்கள்: மற்ற ஐந்து பெர்மா எண்களும் ஒரு வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியவை. 5 = 2² + 1², 17 = 4² + 1², 257 = 16² + 1² என்று போகும். இரு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரு எண்களைப் பெருக்கினால், விடையையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பதற்கு உதவும் முற்றொருமையைப் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டைச் சேர்ந்த தம் நூலில் இன்னும் பொதுவான வடிவிலேயே தந்திருக்கிறார். ஆகவே நமது எண்ணை 3-ஆல் வகுத்து வரும் ஈவு, ஏதோ இரு எண்களின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகை. அந்த இரு எண்கள், அவற்றின் கூட்டல், அவற்றின் வித்தியாசம் ஆகிய நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் ஈவின் மூன்று மடங்கு, அதாவது நமது எண்ணே வந்துவிடும். சிறிய உதாரணம்: 15 = 3 × 5; 5 = 2² + 1²; எனவே 15 = 2² + 1² + 3² + 1².

இது முக்கோண எண்ணா? இராமானுஜனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1, 3, 6, 10, 15 என்று வளரும் முக்கோண எண்களை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் கிடைக்கும். நமது எண்ணுக்கு அவ்வாறு செய்தால் வருவது 2⁶⁷ − 7. இரண்டின் ஓர் அடுக்கிலிருந்து ஏழைக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் ஆகும் என்பதே சீனிவாச இராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுப்பிய கேள்வி. அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது விடை முறையே 1, 3, 5, 11, 181 ஆகியவற்றின் வர்க்கம். இவற்றுக்கு அப்பால் வேறு விடை இல்லை என்பதை 1948-இல் நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே நாகெல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை; ஆகவே இது முக்கோண எண் அன்று.

67 என்ற ஒரே அடுக்குக்கு மட்டும் விடை தெரிந்தால் போதும் என்பவர்கள் நாகெலின் தேற்றம் வரை போக வேண்டியதில்லை. 2⁶⁷-ஐ 121-ஆல் வகுத்தால் மீதி 18; எனவே 2⁶⁷ − 7 தரும் மீதி 11. அதாவது அந்த எண் 11-ஆல் வகுபடும், 11-இன் வர்க்கத்தால் வகுபடாது. எந்த முழு வர்க்கமும் அப்படி இருக்க முடியாது.

இத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியுமா?

குறியிடாத அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு என்றால், முடியாது. தாளில் இடம் போதாது என்பதைச் சொல்லவில்லை, கோட்பாட்டளவிலேயே முடியாது. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று காஸ் 1796-இல் கண்டறிந்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வேறு வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே விதி. அது கட்டாய நிபந்தனை என்று வான்ட்செல் 1837-இல் நிறுவினார். 641-உம் 6700417-உம் பெர்மா எண்கள் அல்ல. அவை இரண்டும் உள்ளே இருப்பதால் நமது எண் தோற்றுப்போகிறது. ஆனால் இதன் பாதி வழியில் இருக்கும் 2³² − 1, அதாவது 4,29,49,67,295, சரியாக 3 × 5 × 17 × 257 × 65537. வரையத்தக்கவை என்று இன்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது அதுவே.

கணினியில் சில நேரம் −1 என்பதற்குப் பதிலாக இந்த எண் தோன்றுகிறதே, ஏன்?

இரும முறையில் இது 64 ஒன்றுகள். பதினறும முறையில் 16 இலக்கங்களும் பதினைந்தையே குறிக்கும். குறியுள்ள எண்களை எழுதும் வழக்கமான முறையில் −1-க்கும் இதே 64 ஒன்றுகள்தாம். ஒரே பிட்டு வரிசையைக் குறியுள்ள எண்ணாக வாசித்தால் −1, குறியில்லா எண்ணாக வாசித்தால் பதினெட்டில் தொடங்கும் இந்த நீண்ட எண். கடிகாரத்தில் பூச்சியத்துக்கு ஒரு படி பின்னால் போனால் மேல் எல்லைக்கு வந்து நிற்பதைப் போன்றது இது.

விரிதாளில் இட்டால் கடைசி இலக்கங்கள் தவறாக வருகின்றனவே?

பெரும்பாலான விரிதாள்கள் எண்களை 53 பிட்டுத் துல்லியம் கொண்ட மிதவைப் புள்ளி வடிவில் சேமிக்கின்றன. நமது எண்ணைத் துல்லியமாக எழுத 64 பிட்டுகள் வேண்டும். அந்த வடிவில் இதற்கு மிக அருகில் உள்ளது 2⁶⁴ என்பதால் கழித்த ஒன்று காணாமல் போய்விடும். அதன் மேல், 15 இலக்கங்களுக்கு அப்பால் சுழியங்களை இட்டுக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. முழு எண்களை எல்லையின்றிக் கையாளும் பைத்தான் போன்ற மொழியில் கணக்கிடுங்கள்.

இந்தக் காரணிகளால் நடைமுறைப் பயன் உண்டா?

உண்டு. 64 பிட்டு நிலையை மட்டும் வைத்துக்கொண்டு தற்போக்கு எண்களை உண்டாக்கும் ஒருவகை நிரல்கள், எல்லாப் பிட்டுகளும் சுழியம் என்ற ஒரு நிலையைத் தவிர மற்ற அனைத்தையும் ஒரு முறை தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதாவது சுழற்சியின் நீளம் 2⁶⁴ − 1 ஆக இருக்க வேண்டும். ஓடவிட்டுச் சோதிக்க யாருக்கும் ஆயுள் போதாது. ஆனால் 2⁶⁴ − 1 படிகளுக்குப் பின் தொடக்க நிலை திரும்பினால், சுழற்சி அதைவிடக் குறுகியதாக இருந்தாலும் அதன் நீளம் இந்த எண்ணின் ஒரு வகுத்தியாகவே இருக்கும்படி கணிதம் கட்டுப்படுத்துகிறது. எனவே, 2⁶⁴ − 1 படிகளுக்குப் பின் தொடக்க நிலை திரும்புகிறது என்பதை உறுதி செய்துவிட்டு, இந்த எண்ணை ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றாலும் வகுத்து வரும் ஏழு நீளங்களில் அது திரும்பவில்லை என்று காட்டினால் போதும். அடுக்குகளை வர்க்கப்படுத்தித் தாவும் வழி இருப்பதால் அதைக் கணினி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். ஏழில் ஒரு காரணி தெரியாமல் போனாலும் அந்தச் சோதனை முழுமை பெறாது.

இதன் அண்டை எண்கள் எப்படிப்பட்டவை?

இதற்குக் கீழே மிக அருகிலுள்ள பகா எண் 2⁶⁴ − 59. மேலே மிக அருகிலுள்ளது 2⁶⁴ + 13. இரண்டு தள்ளி மேலே நிற்கும் 2⁶⁴ + 1 அடுத்த பெர்மா எண். நமது எண் தன் கீழுள்ள பெர்மா எண்கள் அனைத்தின் பெருக்கம் என்பதால், அவற்றில் எதனால் வகுத்தாலும் 2⁶⁴ + 1 தரும் மீதி 2. எனவே அவற்றோடு அதற்குப் பொதுக் காரணி எதுவும் இருக்க முடியாது. அதை 1880-இல் லாண்ட்ரி என்பவர் தம் 82-ஆம் வயதில் 274177 × 67280421310721 என்று உடைத்தார்.

அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் இதே எளிமை நீடிக்குமா?

படிக்கட்டு நீடிக்கும், ஒவ்வொரு படியையும் உடைப்பதுதான் கடினமாகும். 2¹²⁸ − 1 என்பது நமது எண்ணோடு லாண்ட்ரி உடைத்த எண்ணைப் பெருக்கியது. அதற்கடுத்த படிக்குத் தேவையான 2¹²⁸ + 1-ஐ 1970-இல்தான் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினியின் துணையோடு உடைத்தார்கள். அடுக்கு 4096 வரை எல்லாக் காரணிகளும் இன்று தெரியும். அடுத்ததான 2⁸¹⁹² − 1-க்கு 2⁴⁰⁹⁶ + 1-இன் காரணிகள் வேண்டும். அதில் சில காரணிகள் கிடைத்துவிட்டன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஒரு பகுதி மட்டும், அது பகு எண் என்று தெரிந்தும், இன்னும் உடையாமல் நிற்கிறது.